ஆத்தா ஏன் வரமாட்டேன் என்கிறார்?

கேள்வி:

எனக்கு 49 வயது. காரைக்குடியில் இருக்கிறேன். வீட்டுக்காரர் இங்கே கடை வைத்திருக்கிறார். எங்கள் ஆத்தாவுக்கு 76. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், நாலு புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ப் பங்குள்ள பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பச்சி (அப்பா) இறந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் சென்னையில், தம்பி சிங்கப்பூரில். எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஆத்தா எங்கள் யார் வீட்டுக்கும் வரமாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் சாமான் அறையைத் திறந்து, ஒரு பழைய நோட்டை வைத்துக்கொண்டு பித்தளை, எவர்சில்வர், எனாமல் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஒரு கரண்டி குறைந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. போன தை மாதம் அண்ணன் வந்தபோது, வளவில் (உள்முற்றத்தில்) கிடந்த பழைய ஊஞ்சலை ஆத்தாவிடம் கேட்காமல் பழைய சாமான் கடைக்கு விலை பேசிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஆத்தா அவரோடு பேசுவதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை நான்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மருந்து, மளிகை, கரண்ட் பில் எல்லாம் என் தலையில். அண்ணனிடம் சொன்னால் 'நீதானே பக்கத்தில் இருக்கிறாய்' என்கிறார். கூரை ஒழுகுகிறது, கேட்க ஆளில்லை. இப்போதெல்லாம் நானும் ஆத்தாவிடம் கத்திவிடுகிறேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆத்தாவுக்கு மனநோயா, வெறும் பிடிவாதமா? அண்ணனுக்கு மனசாட்சியே இல்லையா? இல்லை, எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

(பெயர் வெளியிட வேண்டாம், காரைக்குடி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளும் ஆளைப் பற்றிய கேள்விகள். ஆத்தா எப்படிப்பட்டவர், அண்ணன் எப்படிப்பட்டவர், நான் எப்படிப்பட்டவள். வீட்டில் ஒரு பிரச்சினை முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் யாருக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றும். உளவியல் படித்ததில் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் உதவுவது எது என்று என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகுவதைத்தான் சொல்வேன். இவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த நிலைமையில் இருந்துகொண்டு இதைச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு கெட்டவர்கூடத் தென்படவில்லை. மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று தவிக்கிறீர்கள் என்றுதான் பட்டது.

குணத்தைப் பார்த்து நிலைமையைக் கோட்டை விடுவது மனித மனசின் பழக்கம். 1967-இல் அமெரிக்காவில் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சில கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சில, கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதியவை. சில, எதிர்த்து எழுதியவை. எழுதியவர் எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை இன்னொருவர்தான் முடிவு செய்தார் என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனசுக்குள்ளும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் கணித்தார்கள். சொல்லி எழுதவைத்தது என்று தெரிந்தும் அவர்களுடைய கணிப்பு முழுதாக மாறவில்லை.

இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் ஒரே அளவு இல்லை என்பதும் உண்மை. 1984-இல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் மைசூரில் இந்துக்களையும் சிகாகோவில் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லது கெட்டதைச் சொல்லச் சொல்லி, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை அதிகம் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையை அதிகம் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வளர வளரத்தான் வந்தது. ஆக, நிலைமையைப் பார்ப்பது நமக்கு வளர்ப்பிலேயே வருகிற ஒன்று. அடுத்த வீட்டில் ஏதாவது நடந்தால் 'அவுக நெலம அப்படி, பாவம்' என்று நாமே சொல்கிறோம். சொந்த அண்ணன் விஷயத்தில் மட்டும் அந்தப் பெருந்தன்மை நம்மை விட்டுப் போய்விடுகிறது.

முதலில் ஆத்தா. நோயா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து யாருக்கும் நோயின் பெயர் சொல்ல முடியாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

பொருளைச் சேர்த்துக் குவித்து வைப்பது ஒரு மனநலக் கோளாறாக இருக்கலாம். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில் அதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தார்கள். அதற்கு அடையாளம், எதையும் விட முடியாத வேதனையோடு, படுக்கவும் சமைக்கவும் வேண்டிய இடத்தில்கூடப் பொருள் அடைந்துபோய், வீட்டை வீடாகப் புழங்க முடியாமல் போவது. உங்கள் ஆத்தாவிடம் நீங்கள் சொல்லியிருப்பது இதற்கு நேர் எதிர். அறை தனியாக இருக்கிறது, பூட்டு இருக்கிறது, நோட்டு இருக்கிறது, வாரம் ஒரு நாள் கணக்குப் பார்க்கிறார். சென்னையில் இரண்டு படுக்கையறை பிளாட்டில் ஐம்பது அண்டா இருந்தால் அது வேறு கதை. செட்டிநாட்டு வீட்டில் சாமான் அறை இருப்பது அடுப்படி இருப்பது போலத்தான்.

கரண்டி குறைந்தால் சாப்பாடு இறங்காது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள். குறைந்ததைத் தேடி, கிடைத்ததும் நிம்மதி அடைகிறாரா? இல்லை, வேலைக்கு வரும் அம்மா எடுத்துவிட்டாள், பால்காரன் எடுத்துவிட்டான் என்று புதிதாகச் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறாரா? தானே எங்கோ வைத்துவிட்டு, வைத்ததே நினைவில்லாமல் அடுத்தவர் மேல் பழி போடுவது முதுமை மறதி நோயின் ஆரம்பத்தில் வரக்கூடியது. கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, பழகிய சமையலில் தடுமாறுவது, பணக் கணக்கு பிசகுவது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, இவையும் அப்படித்தான். இன்னொரு பக்கம், அப்பச்சி போன பிறகு சாப்பாடு குறைந்து, உடம்பு மெலிந்து, கோயிலுக்குப் போகும் ஆசைகூட விட்டுப்போயிருந்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் 'வயசாகிவிட்டது, அப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மருந்தும் பேச்சும் நன்றாகவே பலன் தரும் ஒரு நோயை வயதின் மேல் போட்டு விட்டுவிடுவது எனக்குத் தாங்காத வருத்தம். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, காது மந்தம், கண்புரை, இவையும் ஆளையே மாற்றிக் காட்டும். அதனால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். நோட்டு வைத்து எண்ணுகிறவரின் கணக்குப் புத்தி நன்றாகவே வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் டாக்டர் சொல்லட்டும்.

சரி, ஊஞ்சலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை நான் மறுபடி மறுபடி படித்தது அந்த வரிக்காகத்தான்.

ஒரு பொருள் நம் கையில் இருக்கும்போது அதற்கு நாம் போடும் விலையும், அதே பொருளை வாங்கப் போகிறவர் போடும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. 1990-இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்கிறவர் கேட்டது, வாங்குகிறவர் தரத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இழப்பதற்கு மனசு வராமல் போய்விட்டது. கானமனுக்குப் பின்னால் 2002-இல் பொருளாதார நோபல் கிடைத்தது, இந்த மாதிரியான வேலைக்காகத்தான். தேலருக்கு 2017-இல். சற்று நேரம் வைத்திருந்த கோப்பைக்கே இப்படி என்றால், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஊஞ்சலை அண்ணன் என்ன விலைக்குக் கொடுத்திருந்தாலும் ஆத்தாவுக்கு அது கொள்ளை போனது மாதிரிதான். கடைக்காரர் கொடுத்த பணத்தை அண்ணன் ஆத்தா கையிலேயே கொடுத்திருந்தாலும் கோபம் தீர்ந்திருக்காது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஊஞ்சல் போனதைவிட, கேட்காமல் போனதுதான் அவருக்கு வலி என்று நினைக்கிறேன். 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். செடி வேண்டுமா என்று கேட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி, தண்ணீர் ஊற்றுவதையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு மாடியில், எல்லாவற்றையும் ஊழியர்கள் அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடியையும் கொடுத்து, நர்ஸே தண்ணீர் ஊற்றுவார் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். அவர்கள் அதிக நாள் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு கணக்கையும் பின்னால் சொன்னார்கள். ஆட்கள் கொஞ்சம்தான் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பகுதியை நம்புகிறேன், என் வேலையில் அடிக்கடி பார்ப்பதும் அதைத்தான். வயதானவரை அன்பாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு அவர் கையில் இருக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டால், அவர் மிச்சம் இருப்பதை இறுக்கிப் பிடிப்பார். அதற்கு நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

உங்கள் ஆத்தா கையில் மிச்சம் இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். வீடு நாலு புள்ளிக்கும் சொந்தம். கூரையில் ஒரு ஓடு மாற்றவும் பங்காளிகளைக் கேட்க வேண்டும். அப்பச்சி இல்லை. பிள்ளைகள் அவரவர் ஊரில். சாமான் மட்டும் அவருடையது. பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்தது, எண்ணிக் கொடுத்தது, பட்டியல் எழுதிக் கொடுத்தது. அண்டாவின் விளிம்பிலோ தூக்கின் அடியிலோ உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து இருக்குமே, அதைத் தடவிப் பாருங்கள். அந்தப் பெரிய வீட்டில் அவர் பேரில் இருப்பது அதுதான். நம் பக்கத்து ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க (தொழில் பார்க்க)ப் போய் வருடக்கணக்கில் வராமல் இருந்த காலத்தில், இந்த வீடுகளைப் பூட்டித் திறந்து, வேலையாட்களுக்குக் கூலி கொடுத்து, கல்யாணம் காரியம் நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். சாவிக்கொத்தும் கணக்கு நோட்டும் அவர்கள் கையில் இருந்தன. அந்த ஆச்சிகள் கையில் வளர்ந்த பெண் உங்கள் ஆத்தா. வெள்ளிக்கிழமை அவர் எண்ணுவது அந்த உத்தியோகத்தை இன்னும் விடாமல் பார்ப்பதுதான்.

அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் போகும்போது ஒன்று செய்யுங்கள். அவர் எண்ணட்டும், நீங்கள் கூட உட்கார்ந்து எழுதுங்கள். 'இது யாரு குடுத்தது ஆத்தா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். ராபர்ட் பட்லர் என்ற முதியோர் மனநல மருத்துவர் 1963-லேயே எழுதினார்: வயதானவர்கள் பழசையே பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாழ்ந்த வாழ்க்கையைத் தனக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயல்பான வேலை அது என்று. ஊஞ்சலைப் பற்றியும் அப்போது கேட்கலாம். யார் அதில் உட்கார்ந்தார்கள், எதற்காக வளவுக்கு வந்தது என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். சில வாரம் போன பிறகு, 'இது யாருக்குப் போகணும்னு நெனைக்கிறீக?' என்று கேளுங்கள். பேத்திக்கு, உங்கள் அண்ணமிண்டிக்கு (அண்ணிக்கு), கோயிலுக்கு என்று அவரே சொல்லட்டும். சொன்னதை அவர் நோட்டிலேயே அவர் கையால் எழுதட்டும். 'எனக்கே இருக்கட்டும்' என்றால் அதையும் எழுதிவிடுங்கள். சாமானைக் குறைப்பதற்கான தந்திரமாக இதைச் செய்தீர்கள் என்றால் இரண்டாவது வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது தலைப்புக் கேள்வி. ஏன் வரமாட்டேன் என்கிறார்?

தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. நமக்கு வேண்டிய உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் இடையில் இருக்கும் பள்ளம்தான் தனிமை. பிள்ளை வீட்டில் எட்டுப் பேர் நடுவிலும் அது வரும். உறவு உடம்பையும் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 2010-இல் ஹோல்ட்-லன்ஸ்டாடும் கூட்டாளிகளும் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைக் காட்டித்தான் பிள்ளைகள் 'எங்களோடு வந்துவிடுங்கள்' என்கிறார்கள். ஆனால் அந்த உறவுகளில் பலவற்றை அந்த ஊரில்தானே வைத்திருக்கிறார்? காலையில் பால் கொண்டுவருகிறவர், கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிப் போகிற பக்கத்து வீட்டுப் பெண், பூக்காரி, கோயில் குருக்கள். 2014-இல் சாண்ட்ஸ்ட்ரோம், டன் என்ற இருவர் செய்த ஆய்வில், நெருக்கமானவர்களோடு மட்டுமல்ல, இப்படி லேசான பழக்கம் உள்ளவர்களோடு பேச்சு கூடுதலாக நடந்த நாட்களிலும் ஆட்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். சென்னை பிளாட்டில் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க ஆத்தா யாரோடு பேசுவார்? அங்கே புதுப் பழக்கம் பிடித்துக்கொள்ளட்டும் என்பீர்கள். லாரா கார்ஸ்டென்சன் பல வருட ஆய்வில் காட்டியது என்னவென்றால், முன்னால் இருக்கும் காலம் குறுகுகிறது என்று தெரியும்போது மனிதர்கள் புதுசைத் தேடுவதைக் குறைத்து, ஏற்கெனவே மனசுக்கு நெருங்கியதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அப்படிச் செய்கிறவர்களின் மனநிலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

இதனால் அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டவில்லை. கேட்கும் விதத்தை மாற்றுங்கள் என்கிறேன். 'வந்துவிடுங்கள்' என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாக வருவது என்றுதான் அவர் காதில் விழும். அதற்குப் பதிலாக 'பத்து நாள் வந்து இருங்க, என்னிக்குத் திரும்பணும்னு நீங்களே சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும். சொன்ன தேதியில் கொண்டுபோய் விடுங்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அவர் சொல் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த தடவை வருவது சுலபம்.

அதுவரை அந்த வீட்டில் விழாமல் இருக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் கக்கூஸ் பெரும்பாலும் கடைசிக் கட்டில் இருக்கிறது. ராத்திரி எழுந்தால் உயரமான நிலைப்படிகளைத் தாண்டி, வானம் பார்த்த முற்றத்து ஓரமாக, மழை நாளில் ஈரத் தரையில் நடக்க வேண்டும். படுக்கையைப் பின்கட்டுக்குப் பக்கத்தில் மாற்றலாமா என்று அவரைக் கேளுங்கள். வழி நெடுக ராத்திரி விளக்கு, கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இந்த மாதமே செய்ய வேண்டியது இது.

அண்ணனுக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 1979-இல் ராஸ், சிகோலி என்ற இருவர், கணவன் மனைவி ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூற்றுக்கு மேலே போனது. பொய் சொல்லவில்லை. தான் செய்தது கண் முன்னால் நிற்கிறது, அடுத்தவர் செய்தது நாம் பார்க்காத நேரத்தில் நடந்திருக்கிறது. நீங்கள் வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்பதை அண்ணன் பார்த்ததே இல்லை. அவர் பணம் அனுப்புகிறாரா, வீட்டு வரி கட்டுகிறாரா, பங்காளிகளிடம் பேச்சு வாங்குகிறாரா என்று உங்கள் கடிதத்திலும் இல்லை. ஒரு மாதத்துக்கு, ஆத்தாவுக்காக யார் என்ன செய்தார்கள் என்பதை மூன்று பேருமே எழுதுங்கள். போன வேளை, ஆன செலவு, பேசிய போன் எல்லாம். எழுதி முடித்துவிட்டு ஒருவருக்கொருவர் காட்டுங்கள். உங்கள் பங்கு அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை நீங்கள் வாயால் சொல்லும்போது புகாராகப் படுகிறது, தேதியோடு தாளில் இருந்தால் அண்ணனுக்கே உறைக்கும்.

கூரை விஷயம் இன்னும் தெளிவு. டார்லி, லடானே என்ற இருவர் 1968-இல் செய்த சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போலச் சத்தம் கேட்கவைத்தார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் உதவி கூப்பிட எழுந்துவிட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, கை நடுங்க, வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். நாலு புள்ளிக்குப் பொதுவான கூரை ஏன் ஒழுகுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப்பில் 'யாராவது பாருங்களேன்' என்று போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வேலையை, ஒரு தேதியோடு கேளுங்கள். தம்பியிடம் 'மழைக்கு முன்னால் கொத்தனாரைக் கூட்டிவந்து மதிப்புப் போடச் சொல்கிறேன், பங்காளிகள் மூன்று பேரிடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிவிடு' என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் போன் பேச முடியும்.

ஆத்தாவோடு பேச்சு திரும்ப வேண்டுமானால் அண்ணன்தான் நேரில் வர வேண்டும், இதில் நீங்கள் தூது போக வேண்டாம். வந்து, 'வீணாகக் கிடந்தது, நல்ல விலை வந்தது' என்று காரணம் சொன்னால் திரும்பவும் கதவு சாத்திவிடும். 'உங்களைக் கேட்காமச் செஞ்சது தப்பு ஆத்தா' என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு அவர் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளட்டும். ஊஞ்சல் இன்னும் கடையில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இருந்தால், திரும்ப வாங்கட்டுமா என்று ஆத்தாவைக் கேட்க வேண்டும். ஆச்சரியப்படுத்துகிறேன் என்று கேட்காமல் கொண்டுவந்து மாட்டிவிடக் கூடாது.

இனி உங்களைப் பற்றி. கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு பஸ் பயணம், சொந்த வீட்டு வேலை, அண்ணன் மேல் சொல்லாத கோபம், இத்தனையும் சுமந்துகொண்டு போகிறவள், கண் முன்னால் இருக்கிற ஆத்தாவிடம் கத்துகிறாள். போவதை வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள், ஒன்று வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாளுக்கு ஊரில் நம்பிக்கையான ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்து, அந்தச் செலவை அண்ணனும் தம்பியும் ஏற்கச் சொல்லுங்கள். ஆளை ஆத்தா தேர்ந்தெடுக்கட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ஆத்தாவைப் போன்ற மூத்தவர்களுக்கு 14567 என்ற எண் இருக்கிறது. வாழ்வதில் அர்த்தமில்லை என்று உங்களுக்கோ ஆத்தாவுக்கோ ஒரு நாள் தோன்றினால், ஒரு மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஆத்தாவைக் காட்டக் காரைக்குடியில் உங்களுக்குப் பழக்கமான பொது டாக்டரிடம் முதலில் போகலாம். மனநல டாக்டர் வேண்டும் என்று அவர் சொன்னால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். 'மறதி பார்க்கப் போகிறோம்' என்று சொல்லாமல் ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். 'மூணு வருசமா ஒடம்பைப் பாக்கலை, கண்ணு காது ரத்தம் எல்லாம் ஒரு தடவை பாத்துருவோம், ஞாபக சக்தியும் பாப்பாக' என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். டாக்டர் கேட்பதற்கு ஆத்தாவே பதில் சொல்லட்டும். விட்டுப்போனதை மட்டும் கடைசியில் நீங்கள் சேர்த்துச் சொன்னால் போதும்.